தையல்கடை ஐயா பதில்கள்: முதலில் தலையை அளவெடுங்கள்

கேள்வி: ஐயா, தோட்டத்துக்குப் போடுவதற்கென்று என் வீட்டுக்காரருக்கு ஒன்லைனில் அகல விளிம்புத் தொப்பி ஒன்று எடுத்தேன். 'எல்லோருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். வந்த தொப்பி உச்சியில் குந்திக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அளவு எப்படிப் பார்ப்பது?
– வாசகி, உரும்பிராய்

பதில்: தங்கச்சி, 'எல்லோருக்கும் பொருந்தும்' என்ற தொப்பி பெரும்பாலும் 57, 58 சென்ரிமீற்றர் தலையை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் வீட்டுக்காரருடையது 60, 61 ஆக இருக்கும். அவரை ஒரு கதிரையில் இருத்துங்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவை வையுங்கள். காதுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி நெற்றிக்கே வாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், நாடாவுக்குள் சின்ன விரல் நுனி நுழைந்தால் சரி. மூன்று முறை எடுங்கள். வித்தியாசம் வந்தால் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நாடா இல்லாவிட்டால் பார்சல் கட்டும் நூல் போதும். கம்பளி நூல் வேண்டாம், அது இழுபடும்.

நாடாவையும் நம்பாதீர்கள். நாற்பது வருடம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தவன் சொல்கிறேன். போன வருடம் எனக்கென்று ஒரு தொப்பி ஓர்டர் பண்ணினேன். என் கழுத்தில் எப்போதும் கிடக்கும் நாடாவால் அளந்தேன், 57. வந்த தொப்பியைப் போட்டுக் கால்மணி நேரத்தில் நெற்றியில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். கோபத்தில் பேரனின் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிமட்டத்தின் முப்பதுக்கு என் நாடா இருபத்தொன்பதரைதான் காட்டியது. பழைய துணிநாடா, இழுபட்டுப் போயிருக்கிறது. என் தலை 58. பிழை கடைக்காரரில் இல்லை, என் கழுத்தில் தொங்கியது! அந்த நாடாவால் எத்தனை பேருக்குக் காற்சட்டை தைத்தேனோ, அதை இப்போது நினைக்க விருப்பமில்லை.

விற்பவர் சென்ரிமீற்றரில் அளவு போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். வெறும் எம், எல் என்று போட்டிருந்தால் செய்தி அனுப்பிக் கேளுங்கள். பொதுவாக எம் என்பது 57–58, எல் 59–60. ஆனால் கம்பனிக்குக் கம்பனி மாறும். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள். பெரிய தொப்பியை உள்ளே பட்டி வைத்துச் சிறிதாக்கலாம், சின்னதைப் பெரிதாக்குவது பெரும்பாடு. விளிம்பு மூன்று அங்குலமாவது இருக்கட்டும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நமக்கு உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், அப்போது எந்த விளிம்பும் முகத்தை மறைக்கும். காலை எட்டு மணி வெயில் சரிந்து வரும்போதுதான் அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் எனக்குத் தொப்பி வாங்க நிற்கிறான். "அப்பா, உங்கட சைஸ் ஏழே காலா?" என்று கேட்கிறான். இது என்ன கணக்கு?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தலையை ஒரு வட்டமென்று வைத்து, சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14 ஆல் வகுப்பார்கள். 58 சென்ரிமீற்றர் என்றால் 22.8 அங்குலம். வகுத்தால் ஏழே காலுக்குக் கிட்ட வரும். அதுதான் அமெரிக்க எண். அதே தொப்பிக்கு இங்கிலாந்து எண் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று குறைவு, ஏழே அரைக்கால். (அரைக்கால், மாகாணி வாய்ப்பாடு படித்த ஆட்களுக்கு இது சுகம்.) மகனுக்குச் சென்ரிமீற்றரைச் சொல்லிவிடுங்கள், குழப்பம் இல்லை. கம்பளியை அழுத்திச் செய்யும் பெல்ற் (felt) தொப்பி மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே அது தலையில் வைத்த இட்டலிச் சட்டி.

கேள்வி: அளவு சரியாகத்தான் எடுத்தேன். ஆனால் நெற்றியில் குத்துகிறது, காதுப் பக்கம் இரண்டு விரல் போகிறது. சைக்கிளில் போனால் பறக்கிறது.
– வாசகர், தொண்டைமானாறு

பதில்: தம்பி, உங்கள் தலை முன்பின்னாக நீண்டது. சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் வடிவம் வேறு. நெற்றி நோகாத அளவுக்கு ஒரு சைஸ் கூட்டி எடுங்கள். தொப்பிக்குள்ளே நெற்றியைத் தொடும் பட்டியை மெல்ல விரித்து, இரண்டு காதுப் பக்கத்திலும் மட்டும் மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டு செருகுங்கள். முன்னும் பின்னும் வைக்காதீர்கள். சோளகக் காற்று எழும்பினால் எந்தத் தொப்பியும் நிற்காது, நாடிக்குக் கீழே கட்ட ஒரு கயிறு தைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் தொப்பியே வேண்டாம், ஹெல்மெற்.

கேள்வி: ஒன்லைனில் 'பனாமாத் தொப்பி' மலிவாக வருகிறது. வாங்கலாமா, பனையோலைத் தொப்பி போதுமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: உண்மையான பனாமாத் தொப்பி பனாமாவில் பிறந்ததல்ல, எக்குவடோர் நாட்டுக்காரர் தொக்கீயா என்ற செடியின் ஓலையில் பின்னுவது. அந்தக் கைவேலையை 2012 இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலிவாக வருவது அநேகமாக முறுக்கிய கடதாசி. என்ன பொருள் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள், கடதாசி என்றிருந்தால் ஒரு மழைக்குத்தான் காணும்.

நான் பனையோலைப் பக்கம். கடையில் தலையில் வைத்தே பார்க்கலாம், அளவுச் சண்டை இல்லை. ஆனால் கழற்றும்போது முன்பக்கத்தைக் கிள்ளிப் பிடிக்காதீர்கள், காய்ந்த ஓலை அந்த இடத்திலேயே வெடிக்கும். விளிம்பில் பிடியுங்கள். கார்த்திகை மழைக்குப் பெட்டிக்குள் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.