அண்ணன் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சேலையூரில் எங்கள் அப்பா 1987-ல் கடன் வாங்கி மனை வாங்கி, வீடு கட்டினார். 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். அண்ணன் தன் செலவில் மாடி கட்டி அங்கேயே இருக்கிறார். வீட்டு வரியையும் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். தெருவில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக ஃபிளாட் ஆகின்றன. எங்கள் வீட்டுக்கும் பில்டர் வந்திருக்கிறார். "சும்மா ஒரு கையெழுத்துதான், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா" என்கிறார் அண்ணன். "உனக்குத்தான் நாற்பது பவுன் போட்டோமே" என்கிறார் அம்மா. எனக்குப் பங்கு உண்டா? - வாசகி, மேடவாக்கம்

பதில்: உண்டு. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயிலும் இல்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பா இறந்தபோது அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் பங்கு நான்காகும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்கில் கழியாது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வந்தால்தான் மகள் பாகம் கேட்கலாம் என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது. 2005-ல் அதை நீக்கிவிட்டார்கள். வரி ரசீது, மின் இணைப்பு, ஏன் பட்டாவே அண்ணன் பெயரில் இருந்தாலும், அதனால் மட்டும் வீடு அவருடையதாகிவிடாது. ஆனால் மாடிக்கு அவர் போட்ட பணம் நியாயமான கணக்கு. பாகம் பிரிக்கும்போது அதைக் கேட்க அவருக்கு வழி உண்டு. நீங்களும் அதை மறுக்க வேண்டாம்.

சரி, அந்தக் கையெழுத்து எதில்? என் கவலை எல்லாம் அதில்தான். "விடுதலைப் பத்திரம்" என்றிருந்தால், உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுப்பதாக அர்த்தம். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம். ஏமாற்றப்பட்டதை, அது தெரிந்த மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். "பொது அதிகாரப் பத்திரம்" என்றால் விற்கும் அதிகாரம் வரை பில்டர் கைக்குப் போகலாம். பில்டருக்கு வில்லங்கமில்லாத வீடு வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அதனால் அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தத்தில் நீங்களும் ஒரு உரிமையாளராகச் சேருங்கள். உங்களுக்கு எந்த ஃபிளாட், எத்தனை சதுர அடி யுடிஎஸ் (மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு), கட்டி முடிக்கும்வரை அம்மாவின் வாடகையை யார் தருவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அம்மாவைப் பற்றியும் யோசியுங்கள். அவர் தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் தன்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காமல் கைவிட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்துசெய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இல்லாமல் பின்னால் அலைந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே 1987 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழ் நகலும் வாங்கி வையுங்கள். அப்புறம் அண்ணனிடம் பத்திர நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், உங்கள் பங்கைச் சொல்லி அவருக்கும் பில்டருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. நகலை அந்த வக்கீல் படித்துப் பார்க்கும்வரை ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள்.