வாசகர் கேள்வி: அலாரம் அடிக்கிறது, எழுவது யார்?

வயது 29. தண்டையார்பேட்டையில் வீடு, கிண்டியில் வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து வாக்கிங், யோகா, அரை மணி நேரம் படிப்பு என்று ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டினேன். ஒன்பது நாள் ஓடியது. இப்போது அலாரம் அடித்தால் ஹாலில் படுத்திருக்கும் அப்பா எழுகிறார், கீழ் வீட்டு நாய் எழுகிறது, நான் மட்டும் எழுவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இது வராதோ?

கடிதம் முழுக்கக் காலையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. நானே யூகிக்கிறேன். கிண்டியில் மெட்ரோ ஏறி, வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அப்புறம் ‘அஞ்சு நிமிஷம்’ என்று போனை எடுத்தால் பன்னிரண்டரை. அதிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஒன்பது நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம், பத்தாவது நாள் உடம்பு வட்டியோடு வசூலித்துவிட்டது.

காசிமேடு உங்களுக்குப் பக்கம்தானே. என் பெரியப்பா அங்கே ஐஸ் உடைக்கிற வேலையில் இருந்தார். விடியும் முன்னரே மீன் ஏலம் தொடங்கிவிடும் என்பதால் ரெண்டு மணிக்கு எழுந்து போவார், தெருவே மெச்சும். ராத்திரி ஏழரைக்கு அவர் விடுகிற குறட்டையை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும், விசைப்படகுகள் போகாது, இவருக்கும் வேலை குறைந்துவிடும். முதல் ஒரு வாரம் பழக்கதோஷத்தில் ரெண்டு மணிக்கே முழிப்பு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். மே மாதக் கடைசியில் பார்த்தால் ஆறு மணிக்கு பெரியம்மா காலைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். பிறவியிலேயே கோழி கூவும் முன் எழுகிறவர் என்று நாங்கள் நினைத்திருந்த அதே மனிதர்!

பிறவிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறுக்கவில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம். அதனால் சும்மா விட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலேதான் நகரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவது அத்தனை சுலபமாக இருப்பதும், திங்கட்கிழமை செத்துப்போகலாம் போல இருப்பதும் இதனால்தான். அதை முன்னால் இழுக்க நம்மிடம் இருக்கிற நல்ல கருவி காலை வெளிச்சம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும், டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு தேறினால் அதிகம். எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய் இருபது நிமிடம் நில்லுங்கள், யோகா கீகா எல்லாம் அப்புறம். ஜூனில் இங்கே ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். இருட்டில் எழுந்து டியூப்லைட் அடியில் உட்கார்ந்துவிட்டு ‘உற்சாகமே வரலையே’ என்றால் எப்படி வரும்?

ஐந்து மணியை விட்டுவிடுங்கள். இப்போது ஏழே காலுக்கு எழுகிறீர்கள் என்றால் ஏழு மணிக்கு வையுங்கள், நாலைந்து நாள் கழித்து ஆறே முக்கால். படுக்கிற நேரமும் அதே கணக்கில் முன்னால் வரவேண்டும், ஞாயிறு அன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸில் குடிக்கிற ஸ்ட்ராங் காபியின் கஃபீனில் பாதி, இரவு பத்து மணிக்கும் பலருக்கு உடம்பிலேயே இருக்கும், அதை மூன்று மணிக்கு மாற்றுங்கள். போன் சார்ஜரைப் படுக்கைப் பக்கமிருந்து பிடுங்கி சமையலறையில் மாட்டுங்கள். நான் பிரிட்ஜ் மேல் வைக்கிறேன், அலாரத்தை அணைக்க எழுந்து நடந்தே ஆகவேண்டும், நடந்தபின் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டால் பாதித் தூக்கம் போய்விடும். ஐந்தே முக்காலுக்கு வந்து சேர எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இந்த வேகத்தில் வாங்கிய வாக்கிங் ஷூ இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது, அது வேறு கதை.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மேல் மாடி வீடாக இருந்தால் பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பன்னிரண்டு வரை சூட்டைக் கக்கும், கூடவே கொசு, ரோட்டில் கன்டெய்னர் லாரி. உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். சாயங்காலம் தளத்தில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், படுக்கும் முன் குளியுங்கள், கொசுவலை கட்டுங்கள். விடியற்காலைத் திட்டம் போடுகிற யாரும் கொசுவலையைப் பற்றிப் பேசுவதில்லை!

பிளஸ் டூ படிக்கும் மகனை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறார் என் கணவர். அப்போது படித்தால்தான் மண்டையில் ஏறுமாம். பையன் பிசிக்ஸ் புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான். – வியாசர்பாடி வாசகி

தூங்கட்டும். அந்த வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகும், சோம்பேறித்தனம் இல்லை அது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டிய வயது. படித்தது மனதில் தங்குவதற்குத் தூக்கமும் வேண்டும், அதைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுப்பதில் லாபம் இல்லை. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழட்டும். உங்கள் கணவருக்கு நாலு மணி ராசி என்றால் அவர் எழுந்து பேப்பர் படிக்கலாம்.

நான் தினமும் நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, மாவு எடுத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். படுக்கப் பதினொன்று. காலையில் ‘நமக்கே நமக்கு’ ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறார்களே, அதற்கு மூன்றரைக்கு எழ வேண்டுமா? – கொருக்குப்பேட்டை வாசகி

வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் எழுந்து பழகத் தவிக்கிற ஐந்து மணிக்கும் அரை மணி நேரம் முன்பே நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள். பின்தூங்கி முன்னெழுகிறவள்தான் பத்தினி என்று சொல்லியே நம் வீடுகளில் பெண்களின் தூக்கத்தைத் தின்றுவிட்டார்கள், உங்கள் கணக்கில் அது ஐந்தரை மணி நேரம்தான் வருகிறது. உங்களுக்குத் தேவையான அந்த ஒரு மணி நேரத்தை முதலில் தூக்கத்துக்கே கொடுங்கள்.

அதற்கு வழி? டிபன் பாக்ஸில் ஒன்றையாவது அதைத் தின்கிறவர் கட்டிக்கொள்ளட்டும், காய் நறுக்கி வைப்பது ராத்திரி டிவி பார்க்கிறவர் கையில் போகட்டும். சண்டை வரும், நாலு நாள் ருசி கெடும், பரவாயில்லை. நாளைக்கு நாலரைக்குத் தெருவில் குடம் உருள்கிற சத்தம் கேட்டதும் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி அந்தப் பச்சைக் குடத்தைக் கையில் கொடுங்கள். நீங்கள் ஆறு மணி வரை தூங்குங்கள்.