கார்னெலில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா எப்படித் தொடங்கியது?

ஃபிரட்டர்னிட்டி, அதாவது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் நடத்தும் சங்கம், என்றாலே பார்ட்டிதானே, வேறென்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கருப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியின் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1905 வாக்கில் கருப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதிலும் முந்தைய ஆண்டு படித்தவர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. வெள்ளை மாணவர்களின் சங்கங்களிலும் அவர்களுக்கு இடமில்லை. சரி, நாமே ஒருவருக்கொருவர் துணை என்று கூடிப் படிக்க ஆரம்பித்த குழுதான் 1906 டிசம்பர் 4 அன்று ஏழு மாணவர்களின் முயற்சியில் ஃபிரட்டர்னிட்டி ஆனது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அடுத்த ஆண்டே ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கிளை, அப்புறம் நாடெங்கும். பிள்ளைகளைப் படிக்கத் தூண்டும் பிரச்சாரம், வாக்காளர் பதிவு இயக்கம் என்று வேலைகள் விரிந்தன. மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் படித்தபோது 1952இல் சேர்ந்தார். வாஷிங்டனில் 2011இல் திறந்த அவருடைய நினைவுச்சின்னத்துக்கு முதலில் முயற்சி எடுத்ததும் இவர்கள்தான்.