2004 புஷ் வெற்றி: பயங்கரவாதமா, 'ஒழுக்க நெறி'யா?

2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'பயங்கரவாதத்தைவிட ஒழுக்க நெறிதான் புஷ்ஷை ஜெயிக்க வைத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுத, நீங்கள் காட்டும் எக்ஸிட் போல் எண்கள் (ஒழுக்க நெறியைக் குறித்தவர்கள் 22%, பயங்கரவாதத்தைக் குறித்தவர்கள் 19%) போதாது.

கோளாறு கேள்வித்தாளில்தான் இருக்கும். ஓட்டைத் தீர்மானித்த முக்கிய விஷயம் எது என்று கேட்ட பட்டியலில் ஏழு விஷயங்கள். ஒன்றைத்தான் டிக் செய்யலாம். இராக் வேறு தனியாக, 15%. அப்பாவிகளைக் கொல்பவர்களை எதிர்ப்பதே தர்மம் என்று நம்பி ஓட்டுப் போட்டவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? இதை யாருமே யோசிப்பதில்லை.

அதே அட்டவணையில் வேட்பாளர் வாரியாகப் பாருங்கள். பயங்கரவாதத்தைக் குறித்தவர்களில் 86% பேர் புஷ்ஷுக்குப் போட்டார்கள். ஒழுக்க நெறியைக் குறித்தவர்களில் 80%. பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் இதையே பட்டியல் கொடுக்காமல் கேட்டதையும் எடுத்துப் பாருங்கள், அதில் இராக்தான் முதலிடம்.

அதற்காக இராக்கையும் பயங்கரவாதத்தையும் கூட்டிவிடாதீர்கள். இராக்கைக் குறித்தவர்களில் பெரும்பாலோர் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரி பக்கம்.