மருத்துவர் பதில்: இளநீர் கொடுத்ததாலா மகன் மயங்கி விழுந்தான்?

இல்லை, அம்மா. நீங்கள் வெட்டிக் கொடுத்த செவ்விளநீர் உங்கள் மகனை வீழ்த்தவில்லை.

தயிர், வாழைப்பழம், ஐஸ்கிரீம், கொத்தமல்லித் தண்ணீர் என்று கடிதம் முழுக்கக் கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே: "நான்காம் நாள் மாலை காய்ச்சல் விட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு செவ்விளநீர் கொடுத்தேன். மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனவன் மயங்கி விழுந்தான். குளிர்ச்சி கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று மாமி இன்னும் சொல்கிறார்." மற்றக் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே நிற்கின்றன. இந்தப் பயத்தில்தான் இப்போது ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தால் வெந்நீரும் ரஸ்கும் தவிர வேறொன்றும் கொடுப்பதில்லை என்கிறீர்கள். ஆகவே அதற்கே முதலில் வருகிறேன்.

மகனுக்கு வந்தது டெங்கு. காய்ச்சல் கொதிக்கும் நாட்களைவிட அது இறங்கும் நாளே டெங்கில் ஆபத்தானது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு தணியும் வேளையில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றறைக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்கும். குழாயில் எஞ்சும் இரத்தம் தடித்து, அழுத்தம் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். நான்காம் நாள் மாலை சூடு இறங்கி, ஐந்தாம் நாள் காலை எழுந்து நின்றதும் விழுந்தான் என்றால், அது நோய் தன் கணக்குப்படி நடந்துகொண்டது. அந்த இளநீரை அவன் தொடாமல் இருந்திருந்தாலும் விழுந்திருப்பான்.

எனக்குக் கோபம் வந்த வரி வேறு. "பனடோலுக்குச் சூடு இறங்கவில்லை, பாமசியில் கேட்டு வலிமருந்து ஒன்று வாங்கிக் கொடுத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட், அஸ்பிரின் எதுவானாலும் சரி, டெங்காக இருக்கக்கூடிய காய்ச்சலில் இவற்றைத் தொடவே கூடாது. இவை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரத்தம் உறைவதையும் குழப்பும். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் பிள்ளைக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிய இது போதும். மகன் தப்பியது உங்கள் நல்ல காலம். பரசிற்றமோல் (பனடோலும் அதுதான்) மட்டும்தான்: எடையைக் கணக்கிட்டு, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. டெங்குக் காய்ச்சல் அதற்கும் முற்றாக அடங்காது. உடம்பை இளஞ்சூட்டு நீரில் துடைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

கைப்பேசியில் குரல் பதிவாகச் சுற்றி வரும் பப்பாசி இலைச் சாறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிள்ளையை வீழ்த்துவது பிளேட்லெட் எண்ணிக்கையைவிட நீர்க்கசிவுதான். அதை இந்தச் சாறு நிறுத்தும் என்று யாரும் நிறுவவில்லை. அதன் கசப்பில் வாந்தி எடுத்து, குடித்திருந்த கஞ்சியையும் வெளியே தள்ளிவிட்டு வார்டுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, மனதில் பதிக்க வேண்டியதைச் சொல்கிறேன். காய்ச்சல் விட்ட பிள்ளை எழுந்து விளையாடினால், பசிக்கிறது என்று கேட்டால், அது சுகம். காய்ச்சல் விட்டும் சோர்ந்து படுத்தே கிடந்தால், அது சுகமில்லை. உடனே கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். நெற்றி சாதாரணமாக இருக்க, பாதம் மட்டும் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கிறதா? விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? ஆறு மணித்தியாலமாகப் போகவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். "நன்றாகக் கதைக்கிறானே" என்று ஏமாந்துவிடாதீர்கள். அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போதும் டெங்குப் பிள்ளை தெளிவாகவே பதில் சொல்லும்.

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டின் முற்பகுதியில் நம் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது வார்டில் ஒரு தாய், பிள்ளையின் பழைய பால் போத்தலை அளவுக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை குடித்ததையும் ஒவ்வொரு முறை சிறுநீர் போனதையும் கணக்குக் கொப்பியில் நேரத்தோடு குறித்துவைத்திருந்தார். பின்னிரவு இரண்டு மணிக்கு என் கையில் அந்தக் கொப்பியைத் தந்து, "டொக்டர், எட்டரைக்குப் பிறகு போகவில்லை" என்றார். அந்த வரிதான் எங்களை அந்தக் கட்டிலுக்கு உடனே கூட்டிப்போனது. பெரிய படிப்பில்லாத பெண். எந்த இயந்திரமும் சொல்வதற்கு முன் அவர் சொன்னார்.

சரி, மகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது? வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், உப்பும் சீனியும் உள்ளே போக வேண்டும். ஜீவனி எனும் உப்புச் சீனிக் கரைசல் பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொதி, கண்ணளவு என்று வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். செவ்விளநீர் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு என்பதால் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தோடம்பழச் சாறு, தேசிக்காய்த் தண்ணீர் எல்லாம் நல்லவை.

கஞ்சியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நான் அதைத்தான் முதலில் எழுதித் தருவேன். ஒரு பிடி பச்சையரிசியைக் குழைய வேகவிட்டு, நான்கைந்து பல் பூண்டு தட்டிப் போட்டு, இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பாலும் உப்பும் சேருங்கள். வாய் கசந்துபோன பிள்ளை சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பும், இந்த வாசனைக்கு வாயைத் திறக்கும். ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடிக்க வைக்காமல், பத்து நிமிடத்துக்கு இரண்டு கரண்டி கொடுங்கள். வாந்தி எடுத்தால் கால் மணித்தியாலம் விட்டு மறுபடி தொடங்குங்கள். 22 கிலோ எடையுள்ள உங்கள் மகளுக்கு இவை எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் போதும். அதற்காக மூன்று இளநீரை வலுக்கட்டாயமாகப் புகட்டாதீர்கள். கசிவு நேரத்தில் நீர் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. அந்த அளவை வைத்தியசாலையில்தான் பார்க்க முடியும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் கண்டிப்பானது. பீட்ரூட் சாறு, சிவப்பு நிற சர்பத், சொக்லேட் பால்மா, கோப்பி, கடும் பிளேன்ரீ எதுவும் இந்தக் காய்ச்சலில் வேண்டாம். அவற்றால் நோய் கூடாது. ஆனால் பிள்ளை வாந்தி எடுக்கும்போது, வருவது இரத்தமா பானமா என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரத்தம் ஊறட்டும் என்று மாமி பீட்ரூட் கொடுத்தது அன்பினால்தான். அதைக் காய்ச்சல் முழுதாக மாறிய பின் கொடுக்கச் சொல்லுங்கள்.

மற்றவை பயப்பட ஒன்றுமில்லாதவை. தயிர் இரவிலும் சாப்பிடலாம். வாழைப்பழத்தால் சளி கட்டாது. தொண்டை நோகும் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் இதமாக இருக்கும், கொடுங்கள். கொத்தமல்லி அவித்த நீரை நிறம் கறுக்காமல் இளசாக இறக்கினால் போதும். எட்டாம் நாள் கையும் காலும் சிவந்து, நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டு அரித்தது இறால் சூப்பினால் வந்தது என்று தேடிப் படித்திருக்கிறீர்கள். அது டெங்கு மாறும்போது பலருக்கும் வரும் தோல் தடிப்பு. தானாகப் போய்விடும். இறாலை நிறுத்த வேண்டாம்.

மாரி தொடங்கிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளின் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இந்தப் பதிலை மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். கஞ்சியை அவரையே காய்ச்சித் தரச் சொல்லுங்கள், கொப்பியை நீங்கள் வைத்திருங்கள்.