தீக்காயக் கட்டுகளும் கிருமித் தடுப்பும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவ விளக்கம்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தீக்காயத்தின் மேல் போடப்படும் கிருமித் தடுப்புக் கட்டுகளைப் பற்றியவை. காயத்தை நேரில் பாராமல் இன்ன கட்டுதான் உகந்தது என்று எழுத்தில் சொல்ல இயலாது. ஆயினும், சிகிச்சை அளிப்பவர் ஏன் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை விளக்க இயலும்.

கேள்வி: இரண்டு வயது மகளின் முன்கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. முதலில் பார்த்த மருத்துவர் வெள்ளைக் களிம்பு தடவி, நாள்தோறும் இருமுறை கட்டு மாற்றச் சொன்னார். இப்போது பார்ப்பவரோ வெள்ளி கலந்த துணி போன்ற ஒன்றைப் போட்டு, ஏழு நாள் பிரிக்கவே வேண்டாம் என்கிறார். அத்தனை நாள் பார்க்காமல் விட்டால் சீழ் பிடித்துவிடாதா?

பதில்: இரண்டிலும் கிருமியைக் கொல்வது வெள்ளிதான். உங்கள் மகளுக்கு முதலில் தடவப்பட்டது பெரும்பாலும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பாக இருக்கும். 1960களின் பிற்பகுதியில் அது பயன்பாட்டுக்கு வந்தபோது, சூடோமோனாஸ் கிருமியால் இறந்துகொண்டிருந்த பல நோயாளிகளைக் காப்பாற்றியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் காயத்தில் ஊறும் நீரில் உள்ள புரதமும் குளோரைடும் வெள்ளியைப் பிடித்துக்கொள்வதால், களிம்பின் வீரியம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. எனவே பழையதைக் கழுவித் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டியிருக்கிறது. அப்படித் துடைக்கும் ஒவ்வொரு முறையும் குழந்தை வலியால் துடிப்பது ஒருபுறமிருக்க, மயிர்க்கால்களின் ஓரத்திலிருந்து மெல்லப் படர்ந்து வரும் புதுத் தோல் செல்களும் சேர்ந்தே உரிந்து வருகின்றன. போதாக்குறைக்கு, களிம்பே அந்தச் செல்களின் வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது. தீக்காயக் கட்டுகளை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வும், இக்களிம்பில் காயம் ஆறுவது பிற கட்டுகளைவிடத் தாமதமாகிறது என்றே கூறியது.

இப்போது போடப்பட்டிருக்கும் வகைக் கட்டில், மிக நுண்ணிய வெள்ளிப் படிகங்கள் வலைத்துணியில் படிய வைக்கப்பட்டிருக்கும். அல்லது ஈரம் பட்டால் கூழாக மாறும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இழைகளில் வெள்ளி சேர்க்கப்பட்டிருக்கும். காயத்தின் ஈரம் படப்பட வெள்ளி அயனிகள் சிறிது சிறிதாக வெளிவந்து, கிருமியின் செல்சுவரையும் நொதிகளையும் தாக்குகின்றன. பொருளுக்கேற்ப மூன்று நாளோ ஏழு நாளோ இது தொடரும். ஆகவே பிரிக்காமல் விடுவது சிகிச்சையின் ஒரு பகுதியே. அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

அதே நேரத்தில், கட்டு வெளிப்புறம் வரை நனைந்தாலோ, நழுவினாலோ, நாற்றம் வந்தாலோ, தணிந்த வலி மீண்டும் கூடினாலோ, சுற்றியுள்ள நல்ல தோலில் சிவப்பு படர்ந்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிறு குழந்தைகளுக்கு, உள்ளங்கை அளவுக் காயத்தில்கூட, ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்து உண்டாக்கலாம். காயம்பட்ட முதல் சில நாட்களில் கடும் காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்ந்து கிடத்தல் ஆகியவை தோன்றினால், காயம் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: செவிலியராகப் பணிபுரிகிறேன். நுண்படிக வெள்ளிக் கட்டைச் சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) நனைத்துப் போடலாமா?

பதில்: கூடாது. சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்துவிடுவதால், கிருமிக்குச் சேர வேண்டிய அயனிகள் குறைந்துவிடும். கிருமி நீக்கிய வெறும் நீரே ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகளையும் அதன் அடியில் தடவ வேண்டாம். நோயாளிக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தால், அதற்கு முன் கட்டைப் பற்றி அப்பிரிவினருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: கட்டைப் பிரித்தபோது காயத்தின் மேல் மஞ்சள் கலந்த வெண்படலம் இருந்தது, ஓரங்கள் கருத்திருந்தன. சீழா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சல்ஃபாடயசின் களிம்பு காயநீரோடு கலந்து அப்படியொரு படலத்தை உண்டாக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது சீழாகவே தெரியும். கருமை, வெள்ளி தோலில் படிந்த கறையாக இருக்கலாம். அது நாளடைவில் மறையும். மாறாக, கட்டில் பச்சைக் கறையும் இனிப்பு கலந்த வாடையும் சேர்ந்து வந்தால் சூடோமோனாஸை ஐயுற வேண்டும். நேற்று இளஞ்சிவப்பாக ஈரத்துடன் இருந்த இடம் இன்று கருஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ மாறிக் காயம் ஆழமாவது, தொற்று உள்ளே இறங்குவதற்கான அறிகுறி. அதற்குக் கட்டை மாற்றுவது மட்டும் போதாது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கினால் கிருமி வராதே?

பதில்: மாத்திரையின் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் காயத்தை அடைய வேண்டும். ஆழமான தீக்காயத்தில் கருகித் தடித்த தோலுக்கு இரத்த ஓட்டமே இருப்பதில்லை. கிருமிகள் பெருகுவதோ அங்கேதான். தொடக்க நாட்களில் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் தப்பிப் பிழைத்த கிருமிகளும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் குடலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் கிருமிகளும், அதன்பின் பூஞ்சைகளும் அதில் குடியேறுகின்றன. முன்கூட்டியே மாத்திரை கொடுப்பது மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கே இடம் கொடுக்கும் என்பதால், தொற்று இல்லாதவர்க்கு வழக்கமாக அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கருகிய தோலைக் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்து அகற்றி, தோல் ஒட்டு வைப்பதற்கு ஈடான கிருமித் தடுப்பு வேறில்லை; கட்டு அதுவரை காவல் காக்கிறது.

கேள்வி: வீட்டில் இருக்கும் தேனைத் தடவலாமா?

பதில்: தேனின் கிருமித் தடுப்பு ஆற்றல் உண்மையானது. அதன் அடர்ந்த சர்க்கரை கிருமியின் நீரை உறிஞ்சுகிறது; அமிலத்தன்மையும், அதிலுள்ள நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் துணை நிற்கின்றன. ஆழம் குறைந்த தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் சில நாட்கள் முன்னதாகவே ஆறியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவற்றில் நம்பத்தக்கது காமா கதிரால் கிருமி நீக்கப்பட்ட மருத்துவத் தேன். சாதாரணத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிக்க வைத்தால் அவை சாகாது, பயன்தரும் நொதிதான் அழியும். ஆகவே வேண்டாம்.

கேள்வி: வெள்ளிக் கட்டை எத்தனை நாள் தொடரலாம்?

பதில்: கிருமி அபாயம் இருக்கும் வரை மட்டுமே. வெள்ளிக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. தீக்காயப் பிரிவு ஒன்றில் அத்தகைய சால்மோனெல்லா பரவியது 1975இலேயே பதிவாகியுள்ளது. காயப்பரப்பு சுத்தமாகி, இளஞ்சிவப்புப் புதுத்தோல் ஓரங்களிலிருந்து படரத் தொடங்கிவிட்டால், கிருமிநாசினி எதுவும் இல்லாத சிலிகான் வலையோ பாரஃபின் காஸோ (மெழுகுப் பசை தோய்த்த வலைத்துணி) போதுமானது. மூன்று வாரமாகியும் மூடாத காயம் தடித்த தழும்பாக முடிய வாய்ப்பு மிகுதி என்பதால், இரண்டாவது வார முடிவிலேயே தீக்காய அறுவை நிபுணரிடம் காட்டித் தோல் ஒட்டு தேவையா என்று கேட்டுவிடுங்கள்.