லைக் குவிகிறது, கடைக்கு ஆள் வரவில்லை

கேள்வி: திருகோணமலை நகரில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பேஸ்புக்கில் சில மாதங்கள் நானே பதிவுகளுக்குக் காசு கட்டி பூஸ்ட் போட்டேன். இப்போது ஒரு தம்பி மாதம் 15,000 ரூபா வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கிறார். லைக் நிறைய விழுகிறது. கடைக்கு வருவதோ பழைய ஆட்கள்தான். கூகுளுக்கு மாறினால் சரிவருமா?

பதில்: இப்போது செய்வதையே அங்கும் செய்தால் அங்கும் காசு கரையும். லைக் வாங்கித் தரும் விளம்பரத்துக்குப் பணம் கட்டினீர்கள், பேஸ்புக் லைக்கைத் தந்துவிட்டது. பூஸ்ட் பொத்தானை அழுத்தி, இலக்கைப் பார்க்காமல் விட்டால், கண்டதையெல்லாம் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கே அந்த விளம்பரம் அதிகம் போகும். பூட்ஸ் வாங்க நினைக்கிறவர் லைக் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். விலை என்ன, 8ஆம் அளவு இருக்கிறதா என்று கேட்பார். அந்தக் கேள்வி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்படி விளம்பரத்தை அமையுங்கள்.

கணினியில், பேஸ்புக் விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மானேஜரைத் திறந்து 'எங்கேஜ்மென்ட்' இலக்கைத் தெரிவு செய்யுங்கள். அடுத்த பக்கத்தில் ஆட்கள் எங்கே வந்து சேர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மெசேஜ் செயலிகளைத் தெரிவு செய்து, வாட்ஸ்அப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். லைக்குக்கும் மெசேஜுக்கும் ஒரே தலைப்பை வைத்துக் கடைக்காரரைக் குழப்புவதும், சில மாதத்துக்கொரு முறை பொத்தான்களை இடம் மாற்றுவதும் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வழக்கமாகிவிட்டது. கடையின் வாட்ஸ்அப் பிஸ்னஸ் எண்ணை முதலிலேயே பேஜுடன் இணைத்திருக்க வேண்டும். விளம்பரத்தைத் தட்டி வருகிறவரின் செய்தியோடு அந்த விளம்பரமும் தெரியும். எந்தப் படம் ஆளைக் கொண்டுவந்தது என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதினால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்குப் பதில் எழுதியே பொழுது போய்விடும். மென்பந்து மட்டையா, கடினப்பந்து மட்டையா, என்ன விலை, கடை எந்த வீதியில், எத்தனை மணி வரை திறந்திருக்கும். இந்த நான்கும் போதும். படம் உங்கள் கடையில் எடுத்ததாக இருக்கட்டும்.

இப்போது அந்தத் தம்பியின் விஷயம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் இன்றைக்கே கேளுங்கள்: விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கொடுத்த 15,000 ரூபாவில் மெட்டாவுக்குப் போனது எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு? 'ரீச்', அதாவது விளம்பரத்தைப் பார்த்தவர்கள், இத்தனை ஆயிரம் என்று அனுப்பும் ஸ்கிரீன்ஷொட் இதற்குக் கணக்காகாது. ஆட்ஸ் மானேஜரின் கொடுப்பனவுப் பகுதியில், அட்டையிலிருந்து எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கூலியையும் விளம்பரச் செலவையும் ஒரே தொகையாகப் பேசுகிறவரிடம் அடுத்த மாதம் காசு கொடுக்காதீர்கள்.

கணக்கு அவர் பெயரில் இருந்தால், அவர் விலகும் நாளில் இதுவரை ஓடிய விளம்பரங்களின் விவரம் முழுவதும் அவரோடு போய்விடும். பேஜையே அவர் தொடங்கியிருந்தால் இன்னும் மோசம். பேஜ் அமைப்பில் அனுமதிப் பட்டியலைத் திறந்து, முழுக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதென்று பாருங்கள். உங்கள் பெயரில் வணிகக் கணக்குத் திறந்து, பேஜையும் உங்கள் அட்டையில் ஓடும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் கொண்டுவாருங்கள். அவருக்கு விளம்பரம் போடும் அனுமதி மட்டும் போதும். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. "உங்கள் பேஜ் 24 மணித்தியாலத்தில் மூடப்படும்" என்று மெட்டாவின் பெயரில் இன்பொக்ஸுக்கு வரும் செய்தியையும் நம்பாதீர்கள். அதிலுள்ள லிங்கைத் தட்டி, தொலைபேசிக்கு வந்த உறுதிப்படுத்தும் இலக்கத்தைக் கொடுத்தால் பேஜ் போய்விடும். போனதை மீட்கச் சிறு கடைக்காரர் நேரில் போய்ப் பேச ஓர் அலுவலகம் நம் ஊர்ப் பக்கத்தில் இல்லை. விளம்பரத்துக்குக் காசு எடுக்க மட்டும் அட்டையைத் தேடி வந்துவிடுகிறார்கள்!

அடுத்தது இடம், அதாவது விளம்பரத்தை எந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குக் காட்டுவது என்பது. உங்கள் காசு பெரும்பாலும் இங்கேதான் கொட்டுப்படுகிறது. 'திருகோணமலை' என்று ஊர்ப் பெயரைத் தெரிவு செய்தால் சுற்றுவட்டம் 17 கிலோமீற்றருக்குக் கீழே இறங்காது. வரைபடத்தில் கடையின் மேல் பின் குத்தினால் 1 கிலோமீற்றர் வரை குறைக்கலாம். வட்டம் காகம் பறக்கும் தூரத்தில்தான் அளக்கும், கொட்டியாரக் குடா அதற்குத் தெரியாது. மூதூர் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீற்றருக்குள் வந்துவிடுகிறது. வீதியில் வருகிறவரோ கிண்ணியாப் பாலம் கடந்து, குடாவைச் சுற்றி ஏறத்தாழ இரு மடங்கு தூரம் ஓட வேண்டும். ஒரு பந்துக்காக யார் வருவார்? ஆகவே சில்லறைச் சாமான்களுக்குக் கடையில் ஒரு பின், 8 கிலோமீற்றர். நகரம், உப்புவெளி, சாம்பல்தீவு, சீனக்குடா அதற்குள் அடங்கும். நிலாவெளியில் 5 கிலோமீற்றரில் இன்னொரு பின் போடலாம், அங்கிருந்து வீதி நேராக நகரத்துக்கு வருகிறது.

ஜேர்சி ஓடருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு கழகத்துக்குப் பதினைந்து ஜேர்சி எடுக்க மூதூரிலிருந்தும் வருவார்கள், கந்தளாயிலிருந்தும் வருவார்கள். வடிவமைப்பை வாட்ஸ்அப்பில் பார்த்து, முற்பணத்தை வங்கியில் போட்டு, எடுத்துப் போக ஒரே ஒரு முறை வந்தால் போதும். அதனால் ஜேர்சிக்குத் தனி விளம்பரம், 40 கிலோமீற்றர். கந்தளாய்ப் பக்கத்துக்குச் சிங்களத்திலும் ஒன்று எழுதுங்கள். சில்லறை விளம்பரத்தோடு இதைக் கலந்தால், மலிவாகக் கிடைக்கும் மெசேஜ் பக்கமே பணம் முழுவதும் ஓடும், கழகத் தலைவரின் கண்ணில் படாது. முதலாம் தவணையில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். அச்சடிக்கும் நாளைக் கணக்கிட்டு மூன்று வாரம் முந்தியே தொடங்குங்கள். பெயர், இலக்கம், அளவு மூன்றும் எழுதிய பட்டியல் ஒரே செய்தியாக வரவேண்டும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். பெயருக்கொரு செய்தியாக வந்தால் ஏதாவதொரு ஜேர்சி பிழையாகிவிடும், அதை நீங்கள்தான் திருப்பி அடித்துக் கொடுக்க வேண்டும்.

செலவு: சில்லறை விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா, 14 நாள். ஒரே விளம்பரத் தொகுதி ('ஆட் செட்'), அதற்குள் இரண்டு மூன்று படம். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மெசேஜ் சேர்ந்தால்தான் யாரிடம் காட்டுவது என்று மெட்டாவின் கணிப்பு நிலைகொள்ளும். ஐந்து தொகுதியாகப் பிரித்தால் ஒன்றுமே அங்கே எட்டாது. நாளுக்கொரு தடவை படத்தையும் தொகையையும் மாற்றினாலும் கணிப்பு முதலிலிருந்து தொடங்கும். பூட்ஸ் ஒரு சோடியில் உங்களுக்கு 1,500 ரூபா மிஞ்சும் என்று வைத்தால், 14,000 ரூபாவுக்குப் பத்துச் சோடியாவது விற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டு வந்து வாங்கியவர்களைக் கல்லாவில் ஒரு கொப்பியில் குறியுங்கள். நிறையப் பேர் கேட்டும் விற்பனை இல்லையென்றால் விலையையோ, நீங்கள் பதில் சொல்லும் வேகத்தையோ பாருங்கள். கேட்பவர்களே இல்லையென்றால் படத்தை மாற்றுங்கள்.

கூகுளில் முதலில் இலவசமானதைச் செய்யுங்கள். தேடலிலும் மெப்பிலும் கடையைக் காட்டும் பிஸ்னஸ் புரொபைலைத் திறந்து, நேரம், தொலைபேசி எண், கடை முகப்பின் படம் போட்டு உறுதிப்படுத்துங்கள். காசு கட்டும் தேடல் விளம்பரத்தை இப்போதைக்கு விடுங்கள். நம் ஊரில் தேடுகிறவர்கள் குறைவு, 'கிரிக்கெட்' என்று போட்டால் ஸ்கோர் பார்க்கிறவர்தான் வருவார். பின்னாளில் போட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். இட அமைப்பில் அந்த இடத்தில் 'ஆர்வம் காட்டியவர்களும்' முன்கூட்டியே சேர்ந்திருப்பார்கள். அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றாவிட்டால் கொழும்பிலிருந்து கடற்கரை தேடுகிறவரின் கிளிக்குக்கும் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

கூகுள் மெப்பில் பதிந்து தருகிறேன் என்று காசு கேட்டு யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அவர் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டால், தொலைபேசி எண்ணைத் திருத்தக்கூட அவரைத்தான் தேட வேண்டும். ஏற்கெனவே அப்படிப் பதிந்திருந்தால், மெப்பில் கடையைத் திறந்து 'இந்த வணிகத்தின் உரிமையாளர்' என்பதைத் தட்டி உரிமை கேளுங்கள். வைத்திருப்பவருக்குக் கூகுள் அறிவிக்கும். அவர் பதில் சொல்லாமல் இருந்தால், சில நாட்களில் நீங்களே உறுதிப்படுத்தி எடுத்துக்கொள்ளும் வழி கிடைக்கலாம்.